செர்ரி பூக்கும் நாளில் ஒரு மியூசியம்: வாஷிங்டன் ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

மார்ச் மாதக் கடைசியில் வாஷிங்டன் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சு: "பூ பூத்துடுச்சா?" ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருப்பார்கள். எல்லோரும் காரில் ஏறி, பார்க்கிங் தேடி ஒரு மணி நேரம் சுற்றி, டைடல் பேசின் குளக்கரையில் செர்ரி மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, கால் வலிக்கத் திரும்பிவிடுவார்கள். அந்தக் குளக்கரையிலிருந்து ஏறக்குறைய இருபது நிமிட நடையில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. இது பலருக்குத் தெரியாமலே போவதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் சொல்வது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகம். ஒரே மியூசியம், இரண்டு கட்டடங்கள். ஒன்று 1923-இல் திறந்த ஃப்ரீயர் கலைக்கூடம். இன்னொன்று 1987-இல் திறந்த சாக்லர் கலைக்கூடம். இதில் பெரும்பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது. இரண்டையும் ஒரு நிலத்தடி வழி இணைக்கிறது. கிறிஸ்துமஸ் தவிர எல்லா நாளும் காலை 10 மணி முதல் மாலை 5:30 வரை திறந்திருக்கும் என்பது வழக்கம். கிளம்பும் நாளன்று அவர்களுடைய இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பது

பூவை நம்பி நாள் குறிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குளக்கரையில் உள்ள யோஷினோ வகை மரங்களில் 70 சதவீத மொக்குகள் விரிந்த நாளைத்தான் தேசியப் பூங்காத் துறை உச்சப் பூப்பு என்று அறிவிக்கிறது. 2024-இல் அது மார்ச் 17-ஆம் தேதியே வந்துவிட்டது. 2025-இல் மார்ச் 28. குளிர் எப்போது விலகுகிறது என்பதைப் பொறுத்து இப்படி முன்னும் பின்னும் நகரும். அதனால் இரண்டு மாதம் முன்பே தேதி முடிவு செய்து டிக்கெட் போட்டுவிட்டுப் பூ இல்லை என்று மனம் நோகாதீர்கள்.

உச்சப் பூப்பு வரும் சனிக்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மெட்ரோ ரயிலில் நிற்கவே இடம் இருக்காது. செவ்வாய், புதன் போல ஒரு வேலை நாள், காலை பத்து மணி, அதுதான் நல்ல நேரம். முதலில் மியூசியம், பிறகு பூ என்பது என் முறை. குளக்கரையில் நடந்து களைத்துவிட்டால் சிலை முன்னால் நிற்கப் பொறுமை இருக்காது. அதோடு மார்ச் மாதக் காலைக் குளிர் சென்னையிலிருந்து வந்தவர்களுக்குத் தாங்காது. உள்ளே இரண்டு மணி நேரம் கழித்துவிட்டு வந்தால் வெயில் ஏறியிருக்கும்.

இந்த மரங்கள் வந்த கதையையும் போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். டோக்கியோ நகரம் அனுப்பி 1910-இல் வந்து சேர்ந்த 2,000 மரங்களில் பூச்சியும் நோயும் இருந்ததால் அவற்றை எரிக்க வேண்டியதாயிற்று. டோக்கியோ மேயர் யுகியோ ஒசாகி மனம் கோணாமல் மறுபடி 3,020 மரங்களை அனுப்பிவைத்தார். 1912 மார்ச் 27 அன்று அதிபர் டாஃப்ட்டின் மனைவி ஹெலனும் ஜப்பானியத் தூதரின் மனைவியும் முதல் இரண்டு கன்றுகளை நட்டார்கள். வந்த பொருளை ஆராய்ந்து பார்த்து, சரியில்லை என்றால் ஏற்க மறுத்து, பிறகு நல்லதைப் பெற்றுக்கொள்வது. இந்த விஷயம் கீழே மறுபடி வரும்.

போய்ச் சேருவது

கார் வேண்டாம். மெட்ரோவில் நீலம், ஆரஞ்சு, வெள்ளி வழித்தடங்களில் எது வந்தாலும் ஏறி, ஸ்மித்சோனியன் நிலையத்தில் இறங்குங்கள். நேஷனல் மால் என்ற நீண்ட புல்வெளிப் பக்க வாசல் வழியாக வெளியே வந்தால் ஃப்ரீயர் கட்டடம் அருகிலேயே தெரியும். மால் பக்கம் படிக்கட்டு உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களையும் சக்கர நாற்காலியில் வருபவர்களையும் பின்பக்கம், இண்டிபென்டன்ஸ் அவென்யூ வாசலுக்கு அழைத்துப் போங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்று காவலரிடம் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். முதலில் வருபவருக்கு முதலில்.

வாசலில் பையைச் சோதிப்பார்கள். பெரிய பெட்டி, முதுகுப்பை எல்லாம் கொண்டுபோகாதீர்கள். கூடத்துக்குள் தின்பண்டம் கூடாது. நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போய், பார்த்து முடித்த பிறகு மால் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். படம் எடுக்கலாம், ஃபிளாஷ் போடக்கூடாது, முக்காலி கூடாது.

கிளம்பும் முன் வீட்டில் அரை மணி நேரம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்றுவேன் என்றால், இந்தப் பகுதியைப் பின்பற்றுங்கள்.

2015 ஜனவரி 1 அன்று இந்த மியூசியம் தன்னிடம் உள்ள 40,000-க்கும் மேற்பட்ட பொருட்களின் படங்களை மொத்தமாக இணையத்தில் வைத்தது. அங்கே தேடல் பெட்டியில் "சோழர்" என்றோ "தமிழ்நாடு" என்றோ ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். வரும் ஒவ்வொரு பொருளுக்கும் பதிவு எண் ஒன்று இருக்கும். இப்போது காட்சியில் இருக்கிறதா என்பதும் இருக்கும். காட்சியில் இருப்பவற்றில் நான்கைந்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது பொருளை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட நான்கின் முன்னால் பத்துப் பத்து நிமிடம் நிற்பது மேல்.

பதிவு எண்ணைப் படிக்கும் விதம் எளிது. எடுத்துக்காட்டாக எஃப்1929.84. எஃப் என்றால் ஃப்ரீயர் சேகரிப்பு. 1929 என்பது மியூசியத்துக்குள் வந்த ஆண்டு. 84 என்பது அந்த ஆண்டின் வரிசை எண். எஸ் என்று தொடங்கினால் சாக்லர் சேகரிப்பு. எஸ்1987 என்று பார்த்தால், மருத்துவர் ஆர்தர் சாக்லர் கலைக்கூடம் தொடங்க அன்பளிப்பாகத் தந்த சுமார் 1,000 பொருட்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே "புதிதாக என்ன வந்திருக்கிறது?" என்ற கேள்விக்கு விடை எண்ணிலேயே இருக்கிறது. இந்த ஆண்டையோ போன ஆண்டையோ தாங்கிய எண் கண்ணில் பட்டால் அது புது வரவு.

சிலையின் கீழே இருக்கும் விளக்க அட்டையில் எல்லோரும் முதல் வரியைப் படிப்பார்கள்: பெயர், நூற்றாண்டு, ஊர். நீங்கள் கடைசி வரியைப் படியுங்கள். "வாங்கியது", "அன்பளிப்பு", "உயில்வழி வந்தது", "நிதியத்திலிருந்து வாங்கியது" என்று அங்கே பொடி எழுத்தில் இருக்கும். முதல் வரி அந்தப் பொருள் பிறந்த கதை. கடைசி வரி அது இங்கே வந்து சேர்ந்த கதை.

உள்ளே: எங்கே தொடங்குவது

தென்னாசியக் கூடத்தில் தொடங்குங்கள். நம் ஆட்கள் யாரும் சொல்லாமலே அங்கேதான் போவார்கள், போகட்டும். சற்றுமுன் சொன்ன எஃப்1929.84 எண்ணுக்கு உரியது ஒரு மீட்டருக்குச் சற்று அதிக உயரமுள்ள செப்புத் திருமேனி. பத்தாம் நூற்றாண்டு. கண்டராதித்த சோழரின் மனைவி செம்பியன் மாதேவியைப் பார்வதி வடிவில் வார்த்தது என்று மியூசியம் பெயரிட்டிருக்கிறது. வலக்கை பூ ஏந்துவது போல மடங்கியிருக்கும். இடக்கை யானைத் துதிக்கை போல நழுவித் தொங்கும். நேர் எதிரே நின்று பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். இடப்புறமாக நாலு அடி நகர்ந்து பாருங்கள். தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் கோடு அங்கேதான் தெரியும். பிறகு பீடத்தைப் பாருங்கள். உற்சவத் திருமேனிகளின் பீடத்தில் தண்டு நுழைக்கத் துளையோ வளையமோ இருக்கும். வீதியுலாவில் ஆடி அசைந்து வருவதற்காக வார்த்தவை அவை. கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

என் அம்மா முதன்முறை வந்தபோது செருப்பைக் கழற்றப் போனார். "இது கோயில் இல்லம்மா" என்று தடுத்துவிட்டேன். சரியாகச் சொன்னேனா என்று இன்றும் தெரியவில்லை. அங்கே கைகூப்பி நின்றால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கற்பூரம், பூ, குங்குமம் இவை கூடாது, தொடவும் கூடாது. மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வதற்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்த அம்மனைப் பற்றி இன்னொன்று. 2022-இல் தமிழ்நாடு காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு, இது நாகப்பட்டினம் பகுதியில் செம்பியன் மாதேவி என்ற பெயரிலேயே உள்ள ஊரின் கைலாசநாதர் கோயிலுக்கு உரியது என்று சொல்லித் திரும்பக் கேட்கும் முயற்சியில் இறங்கியது. 1929-இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து விலைக்கு வாங்கியது என்பது மியூசியத்தின் பதிவு.

புது வரவும் பழைய கணக்கும்

ஒரு பொருள் மியூசியத்துக்குள் வருவது கடையில் சாமான் வாங்குவது போல நடப்பதில்லை. அந்தத் துறையைக் கவனிக்கும் காப்பாட்சியர் முதலில் முன்மொழிவார். பொருள் எந்த நிலையில் இருக்கிறது, ஒட்டுப்போட்டதா, பிற்காலப் போலியா என்று கலைப்பொருளைப் பேணும் ஆய்வுக்கூடத்தார் பார்ப்பார்கள். யார் யார் கை மாறி வந்தது என்ற உடைமை வரலாற்றைத் தோண்டுவார்கள். எல்லாம் தேறினால்தான் எண் கிடைக்கும். இதில் உடைமை வரலாற்றுக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு: 1970. கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க யுனெஸ்கோ உடன்படிக்கை கொண்டுவந்த ஆண்டு அது. அதற்கு முன்பே பொருள் தன் சொந்த நாட்டை விட்டு வெளியே வந்திருந்ததா, அல்லது அதற்குப் பிறகு சட்டப்படி ஏற்றுமதியானதா என்று இன்றைய மியூசியங்கள் கேட்கின்றன. முன்காலத்தில் இந்தக் கேள்வியை எல்லோரும் இவ்வளவு கண்டிப்பாகக் கேட்டதில்லை.

அதன் விளைவை இதே மியூசியத்தில் பார்க்கலாம். 2026 ஜனவரியில் மூன்று தமிழ்நாட்டுச் செப்புத் திருமேனிகளை இந்திய அரசிடம் திருப்பித் தருவதாக மியூசியம் அறிவித்தது. ஒன்று கி.பி. 990-ஐ ஒட்டிய சோழர் கால நடராசர். இன்னொன்று 12-ஆம் நூற்றாண்டுச் சோமாஸ்கந்தர். மூன்றாவது 16-ஆம் நூற்றாண்டில், விஜயநகர காலத்தில் வார்த்த சுந்தரரும் அவர் மனைவி பரவையும்.

எப்படித் தெரிந்தது? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களில் ஊர் ஊராகப் போய்க் கோயில் திருமேனிகளைக் கருப்பு வெள்ளையில் படம் பிடித்து வைத்திருந்தது. அந்தப் படங்களோடு மியூசியத்தின் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். நடராசர் 1957-இல் திருத்துறைப்பூண்டி பவ ஔஷதீஸ்வரர் கோயிலில் இருந்திருக்கிறார். பிறவி மருந்தீசர் என்று ஊரார் சொல்லும் அதே கோயில். சோமாஸ்கந்தர் 1959-இல் மன்னார்குடி வட்டத்து ஆலத்தூர் விசுவநாதர் கோயிலில். சுந்தரரும் பரவையும் 1956-இல் கள்ளக்குறிச்சி பக்கம் வீரசோழபுரம் சிவன் கோயிலில். நடராசரை மியூசியம் 2002-இல் நியூயார்க் கலைக்கூடம் ஒன்றிலிருந்து வாங்கியிருந்தது. மற்ற இரண்டும் 1987-இல் சாக்லர் தந்த அந்த ஆயிரத்தில் இருந்தவை. எஸ்1987 என்ற எண்ணைக் கவனிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

நடராசரை இந்தியாவின் உடைமையாக ஏற்றுக்கொண்டு, நீண்டகாலக் கடனாக அங்கேயே காட்சிக்கு வைப்பது என்பது ஏற்பாடு. அப்படியானால் அவர் அட்டையின் கடைசி வரி மாறும். "வாங்கியது" போய் "இந்திய அரசின் கடன்" வரும். ஒரு வரி மாற ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. உங்களோடு வரும் பிள்ளைகளிடம் அந்த வரியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். திருத்துறைப்பூண்டி எங்கே இருக்கிறது என்று செல்பேசியின் வரைபடத்தில் காட்டுங்கள்.

காகிதத்தில் பூத்த செர்ரி

வசந்தத்தில் இந்த மியூசியத்துக்குப் போக இன்னொரு காரணம் ஜப்பானிய மர அச்சுப் படங்கள். 2003-இல் ராபர்ட் முல்லர் என்பவரின் சேகரிப்பிலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட படங்கள் வந்து சேர்ந்தன. அதில் கவாசே ஹாசுயி (1883–1957) வரைந்த கோயில், மழை, பனி, பூத்த மரம் இவற்றைப் பார்த்தால் வெளியே நிற்கும் மரத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

ஆனால் "இணையத்தில் பார்த்தேன், நேரில் இல்லையே" என்று ஏமாறுவதும் இங்கேதான். காகிதத்துக்கும் பட்டுக்கும் வெளிச்சம் பகை. நிறம் வெளுத்தால் திரும்ப வராது. அதனால் சில மாதம் மங்கிய விளக்கில் காட்டிவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் இருட்டறையில் ஓய்வு கொடுத்துவிடுவார்கள். நேற்று வந்த புது வரவும் காகிதம் என்றால் உடனே சுவருக்கு வந்துவிடாது. செம்பும் கல்லும் காத்திருக்கும். காகிதம் இந்தப் பருவத்தில் சுவரில் இருந்தால் இந்தப் பருவத்திலேயே பார்த்துவிட வேண்டும். கூடம் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று அப்பா கேட்டால் காரணம் இதுதான்.

மயில் அறை

ஃப்ரீயர் கட்டடத்தில் மறக்காமல் பார்க்க வேண்டியது மயில் அறை. லண்டனில் கப்பல் முதலாளி ஃபிரெடரிக் லேலண்ட் வீட்டுச் சாப்பாட்டு அறை இது. அவர் வெளியூரில் இருந்தபோது ஓவியர் விஸ்லர் 1876–77-இல் சுவர், கூரை எல்லாவற்றையும் நீலப்பச்சையும் பொன்னுமாகத் தீட்டிவிட்டு 2,000 கினி (அக்கால ஆங்கிலேயப் பணக் கணக்கு) கேட்டார். லேலண்ட் பாதியைத்தான் கொடுத்தார். கோபத்தில் விஸ்லர் ஒரு சுவரில் சண்டையிடும் இரண்டு மயில்களை வரைந்து, ஒன்றின் காலடியில் வெள்ளிக்காசுகளைச் சிதறவிட்டார். எந்த மயில் யார் என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். டெட்ராய்ட் ரயில்பெட்டித் தொழிலதிபர் சார்லஸ் லாங் ஃப்ரீயர் 1904-இல் அறை முழுவதையும் பெயர்த்து வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தார். ஆசியாவுக்கு 1894–95-இல் அவர் செய்த முதல் பயணத்தில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்.

அறையின் ஜன்னல் கதவுகள் பெரும்பாலும் மூடியே இருக்கும். குறிப்பிட்ட நாட்களில் மட்டும் திறந்து வெளிச்சத்தை விடுவார்கள். அந்த நாளை இணையதளத்தில் பார்த்து அதற்கேற்பப் போக முடிந்தால் போங்கள். விளக்கொளியில் பார்த்த அறையும் சூரிய ஒளியில் பார்த்த அறையும் ஒன்றல்ல.

வசந்த நிகழ்ச்சிகள்

மார்ச் 20-ஐ ஒட்டி நவ்ரூஸ், பாரசீகப் புத்தாண்டு. இங்கே குடும்பங்களுக்கான கொண்டாட்டம் நடத்துவது வழக்கம். பாரசீக மொழியில் "சீன்" என்ற எழுத்தில் தொடங்கும் ஏழு பொருட்களை மேசையில் பரப்புவார்கள். அதில் ஒன்று தட்டில் முளைவிட்ட கோதுமையோ பயறோ. அதைப் பார்த்ததும் நம் முளைப்பாரி நினைவுக்கு வராமல் இருக்காது. சித்திரை முதல் நாளும் சூரியனை வைத்து வரும் புத்தாண்டுதான். அவர்கள் இரவும் பகலும் சமமாகும் நாளை எடுத்துக்கொள்கிறார்கள், நாம் சூரியன் மேட ராசியில் நுழையும் நாளை எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் மூன்று வாரத்துக்கும் சற்று மேலான இடைவெளி.

செர்ரி விழாவை ஒட்டி ஜப்பானியத் திரைப்படங்களும் இசையும் இருக்கும். மே மாதம் ஆசிய அமெரிக்கப் பாரம்பரிய மாதம் என்பதால் அப்போதும் நிகழ்ச்சிகள் இருக்கும். படமும் கச்சேரியும் ஃப்ரீயர் கட்டடத்து மேயர் அரங்கில் நடக்கும். சிறிய அரங்கு, சீக்கிரம் நிறைந்துவிடும். இலவசமே ஆனாலும் சிலவற்றுக்கு முன்பதிவு கேட்பார்கள். இரண்டு வாரம் முன்பே நாட்காட்டியைப் பாருங்கள். அதே நாட்காட்டியில் வழிகாட்டியோடு சுற்றிவரும் நேரமும் இருக்கும். அவர்கள் தன்னார்வலர்கள், கேள்வி கேட்டால் மகிழ்கிறவர்கள். "இது எப்போது, யாரிடமிருந்து வந்தது?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பிள்ளைகள் அலுத்துப்போனால்

நேரே சாக்லர் கட்டடத்து மாடிப்படிக்குக் கூட்டிப் போங்கள். சீனக் கலைஞர் சூ பிங் செய்த குரங்குகள் மேலே வானம் தெரியும் கூரையிலிருந்து கீழே தடாகம் வரை சங்கிலியாகத் தொங்கும். 21 மரத்துண்டுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டஜன் மொழிகளில் ஏதோ ஒன்றில் "குரங்கு" என்ற சொல்லையே உருவமாக வளைத்தது. உருது, ஹீப்ரூ, பிரெய்ல் எல்லாம் உண்டு. தண்ணீரில் தெரிந்த நிலாவைப் பிடிக்க ஒன்றன் வாலை ஒன்று பிடித்துத் தொங்கிய குரங்குகளின் கதை அது. அங்கே ஒரு காகிதத்தைக் கொடுத்து, "தமிழ்ல 'குரங்கு'ன்னு குரங்கு மாதிரியே எழுதிக் காட்டு" என்று சொன்னால் அரை மணி நேரம் உங்களுக்குச் சொந்தம். அந்த அரை மணியில் மறுபடி ஒருமுறை அம்மனைப் பார்த்துவிட்டு வரலாம்.

வெளியே வந்தால் தலைக்கு மேலே இருந்த இடம் ஹாப்ட் தோட்டம். நிலத்தடிக் கூடங்களின் கூரைமேல் போட்ட தோட்டம் இது. செர்ரிக்கு முன்னதாகவே இங்கே மக்னோலியா இளஞ்சிவப்பாகப் பூத்துவிடும், டைடல் பேசின் அளவுக்குக் கூட்டமும் இருக்காது. அருகிலுள்ள பழைய கோட்டைக் கட்டடத்தில் புதுப்பிப்பு வேலை நடப்பதால் வழி அடைத்திருந்தால் சுற்றிப் போகச் சொல்வார்கள்.

இரவு வீடு திரும்பியதும், செல்பேசியில் எடுத்த படங்களில் அட்டைகளின் படத்தைத் திறந்து, பதிவு எண்ணை மியூசியத்தின் தேடல் பெட்டியில் போடுங்கள். பல பொருட்களுக்கு உடைமை வரலாறு என்று தனியாக ஒரு பகுதி விரியும். யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டு, எந்த ஊரில் என்று வரிசையாக இருக்கும். ஊரின் பெயர் இருந்தால் பக்கத்தில் இருக்கும் அம்மாவிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள். நாங்கள் திருத்துறைப்பூண்டி என்று படித்ததும் என் அம்மா சொன்னார்: "அந்தக் கோயிலுக்குப் போயிருக்கேன்டா. உன்ன வயித்துல வச்சிருந்தப்ப."